நாக்குப் புரளாத பாயிண்ட்

மாதிரி ரயில்பாதையில் பாயிண்ட் வயரிங்: மும்பை செம்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்



மாதிரி ரயில் ஓட்டுகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வண்டி எங்கே நிற்கிறது, எங்கே தடம் புரள்கிறது, எங்கே ஷார்ட் ஆகி எல்லா விளக்கும் அணைகிறது என்று கேட்டால், நேர்பாதையில் என்று ஒருவரும் சொல்லமாட்டார். பாயிண்ட்டில்தான். ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு வண்டியைத் திருப்பிவிடும் அந்த ஒரு சாண் நீளத்துக்குள் அசையும் தண்டவாளம், அசையாத தண்டவாளம், ஒன்றையொன்று வெட்டும் தண்டவாளம் என எல்லாமே இருக்கின்றன. மின்சாரம் அறுந்துபோக இதைவிட வசதியான இடம் கிடையாது.

செம்பூரில் இதைப் பேசுவது பொருத்தம்தான். குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் போடப்பட்ட பாதை முதலில் குப்பை வண்டிகளுக்காக ஓடியது. பயணிகளுக்கு அது திறக்கப்பட்டது 1924இல். அடுத்த ஆண்டு, 1925 பிப்ரவரி 3ஆம் தேதி, இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் வழியாகக் குர்லாவுக்கு வந்தது. 1,500 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் தொடங்கிய அந்தப் பாதை ஏ.சி.க்கு முழுமையாக மாறியது 2016இல்தான். 2014 பிப்ரவரியில் நாட்டின் முதல் நவீன மோனோரயில் ஓடத் தொடங்கியதும் செம்பூர்ப் பாதையில்தான். ரயிலும் மின்சாரமும் சேர்ந்து செய்யும் குறும்புகளை இந்த வட்டாரம் நூறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒரு குறும்பு அண்மையில் நடந்தது. 2025 ஆகஸ்ட் 19 மாலை, கொட்டும் மழையில், மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் நடுவே மோனோரயில் நின்றுபோனது. 500க்கும் மேற்பட்டவர்களைத் தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து இறக்கினார்கள். அளவுக்கு மீறிய கூட்டத்தின் எடையால், மின்சாரம் தரும் தண்டுக்கும் அதை உரசி மின்சாரம் எடுக்கும் பாகத்துக்கும் இருந்த தொடுப்பு விட்டுப்போனது என்று மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ. விளக்கம் தந்தது. மின்சாரம் இருந்தது, மோட்டார் இருந்தது, தொடுப்புதான் இல்லை. மேசைமேல் ஓடும் அரையடி எஞ்சின் பாயிண்ட்டில் நிற்பதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான்.

முதலில் ஒரு அடிப்படை வித்தியாசம். செம்பூர் ஸ்டேஷனில் நிற்கும் லோக்கலுக்கு மின்சாரம் தலைக்கு மேலே உள்ள கம்பியிலிருந்து வருகிறது. கீழே இருக்கும் இரண்டு தண்டவாளமும் திரும்பிப்போகும் வழி மட்டுமே. ஆகவே நிஜப் பாயிண்ட்டில் தண்டவாளங்கள் எப்படி வெட்டிக்கொண்டாலும் வண்டிக்குப் போகும் மின்சாரம் ஷார்ட் ஆகாது. மாதிரி ரயிலில் அப்படியில்லை. இடது தண்டவாளம் பிளஸ் என்றால் வலது தண்டவாளம் மைனஸ். இடப்பக்கச் சக்கரம் ஒன்றை எடுக்கிறது, வலப்பக்கச் சக்கரம் மற்றதை எடுக்கிறது. நேர்பாதையில் இரண்டும் சந்திக்கவே போவதில்லை. பாயிண்ட்டில் சந்தித்தே தீர வேண்டும்.

இடப்பக்கம் பிரியும் ஒரு பாயிண்ட்டை எடுத்துக்கொள்வோம். வெளிப்பக்கத்தில் இரண்டு தண்டவாளமும் அசையாமல் கிடக்கின்றன. உள்ளே கூர்மையாகச் சீவிய இரண்டு நாக்குத் தண்டவாளங்கள் சேர்ந்து இடமும் வலமும் நகர்கின்றன. அவற்றுக்கு அப்பால் நேர்பாதையின் இடது தண்டவாளமும் கிளைப்பாதையின் வலது தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் கிராசிங் இருக்கிறது. அதன் கூரான முனையை மூக்கு என்கிறோம். நேர்பாதைக்கு அந்த மூக்கு இடது தண்டவாளத்தின் பகுதி, எனவே பிளஸ். கிளைப்பாதைக்கு அதுவே வலது தண்டவாளத்தின் பகுதி, எனவே மைனஸ். ஒரே இரும்புத் துண்டு வண்டி போகும் திசைக்கேற்ப இரண்டு வேடம் போட வேண்டியிருக்கிறது. பாயிண்ட் வயரிங்கின் எல்லாச் சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது.

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டு தண்டவாளத்துக்கும் ஒரே துருவம், நடுவில் சின்னச் சின்ன முளைகள் வழியாக மற்ற துருவம் என்பது அதன் முறை. மூக்கு எந்த வேடமும் போட வேண்டியதில்லை. மற்ற நிறுவனங்களின் இரு தண்டவாளப் பாதையை வாங்கியவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

அவர்களுக்குக் கடையில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று பிளாஸ்டிக் மூக்கு. அதில் மின்சாரமே இல்லை, ஆகவே ஷார்ட்டும் இல்லை. வயரிங் வேலை ஏறக்குறையப் பூஜ்யம். ஆனால் நான்கு சக்கரமே உள்ள சின்ன ஷண்டிங் எஞ்சின் மெதுவாக அதன் மேல் வரும்போது மின்சாரம் எடுக்க இடமில்லாமல் நின்றுவிடுகிறது. விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போகும். விரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் எந்த ஸ்டேஷனிலும் அது அழகாக இராது. இன்னொன்று உலோக மூக்கு. சக்கரத்துக்கு மின்சாரம் அறுவதே இல்லை; ஆனால் மூக்கின் துருவத்தை ஒவ்வொரு முறையும் யாராவது மாற்றித் தர வேண்டும்.

அந்த வேலையைச் சில பாயிண்ட்டுகளில் நாக்கே செய்கிறது. இங்கிலாந்தின் பெக்கோ நிறுவனத்தின் எலெக்ட்ரோஃபிராக் வகையில் மூக்கும் இரு நாக்கும் உள்ளுக்குள் இணைந்திருக்கின்றன. நாக்கு எந்த வெளித் தண்டவாளத்தில் ஒட்டுகிறதோ அதன் துருவம் மூக்குக்கு வந்துவிடும். பெட்டியைப் பிரித்துப் பொருத்திய அன்று அருமையாக ஓடும். ஆறு மாதம் கழித்து ஒரு தூசி, ஒரு துளி எண்ணெய், நாக்கு நுனியில் ஒரு கறுப்புப் படலம். கண்ணுக்கு நாக்கு ஒட்டியிருக்கிறது, மின்சாரத்துக்கு ஒட்டவில்லை. வண்டி எதற்கு நிற்கிறது என்று தெரியாமல் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவர்கள் பலர்.

செம்பூரில் அந்த ஆறு மாதம் இன்னும் குறையும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றில் ஈரம், பக்கத்தில் கடல், மாஹுல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பேயில் உர ஆலை. பித்தளைத் தண்டவாளத்தில் படியும் களிம்பு மின்சாரத்தைக் கடத்தாது. அதை இங்கே வாங்காமல் இருப்பதே நல்லது. நிக்கல் சில்வர் தண்டவாளம் கறுத்தாலும் ஓரளவு கடத்தும். பலகையும் ஈரத்தில் ஊதும். சாதாரண பிளைவுட் மேல் பொருத்திய பாயிண்ட்டில் நாக்கு, மழைக்காலத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கும். படகுக்குப் பயன்படுத்தும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பலகை கொஞ்சம் விலை கூடுதல். கீழ்ப்பக்கத்துக்கும் ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

சரி, நம்பகமான வழி எது? மூக்குக்கு மின்சாரம் தரும் பொறுப்பை நாக்கிடமிருந்து பிடுங்கி ஒரு சுவிட்சிடம் கொடுப்பது. வேலை மூன்று படி.

முதல் படி, மூக்கைத் தனிமைப்படுத்துவது. மூக்குக்கு அப்பால் போகும் இரு உள் தண்டவாளங்களிலும் துண்டுகளை இணைக்கும் உலோக ஜாயினருக்குப் பதில் பிளாஸ்டிக் ஜாயினர் போட வேண்டும். நாக்குக்கும் மூக்குக்கும் இடையே அடியில் இருக்கும் மெல்லிய இணைப்புக் கம்பியையும் வெட்டிவிட வேண்டும். இரண்டாம் படி, ஒவ்வொரு நாக்கையும் தன் பக்கத்திலுள்ள வெளித் தண்டவாளத்தோடு ஒரு துண்டு வயரால் நிரந்தரமாக இணைப்பது. இதில் இன்னொரு லாபம் உண்டு. திறந்திருக்கும் நாக்கின் முதுகில் சக்கரம் உரசினாலும் இரண்டும் ஒரே துருவம் என்பதால் ஷார்ட் ஆகாது. டிஜிட்டல் முறையில், அதாவது டி.சி.சி.யில் ஓட்டுபவர்களுக்கு இது உயிர்நாடி. அங்கே ஒரு கணம் ஷார்ட் ஆனாலும் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அதை நிறுத்திவிடும், அந்தப் பகுதியில் ஓடும் எல்லா வண்டியும் சேர்ந்து நிற்கும். மூன்றாம் படி, மூக்குக்குத் தனி வயர் கொடுத்து மூன்று கால் சுவிட்சின் நடுக்காலில் சேர்ப்பது. ஓரக்கால் ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ். பாயிண்ட் மோட்டார் நகரும்போது இந்தச் சுவிட்சும் கூடவே புரள வேண்டும். முதல் முறை ஓட்டும்போதே ஷார்ட் ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, ஓரக்கால் வயர்கள் இடம் மாறியிருக்கின்றன; மாற்றிப் போட்டால் போதும்.

மூக்கில் வயர் பற்றவைப்பதுதான் பலருக்கும் கை நடுங்கும் இடம். அறுபதுக்கு நாற்பது வெள்ளீய-ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும், ஆனால் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பரும் அந்தச் சூட்டைத் தாங்காது. பாயிண்ட்டைப் பலகையில் பொருத்தும் முன்பே கவிழ்த்துப் போட்டு வேலை செய்ய வேண்டும். மூக்கின் அடிப்பாகத்தைப் பிளேடால் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஒரு துளி ரெசின் ஃபிளக்ஸ் தடவி, முதலில் தண்டவாளத்தில் ஒரு பொட்டு ஈயம், அப்புறம் வயர் நுனியில் ஒரு பூச்சு. இரண்டையும் சேர்த்து வைத்து, நன்றாகச் சூடேறிய இரும்பை இரண்டு நொடி தொட்டு எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். இரும்பு சூடு போதாமல் பத்து நொடி அழுத்திக்கொண்டிருப்பதுதான் ஸ்லீப்பரை உருக்குகிறது. தகரக்கடையில் கிடைக்கும் ஆசிட் ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம்; அது மிச்சமிருந்தால் இந்த ஈரக்காற்றில் வயரை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும்.

அடுத்து மோட்டார். பழைய வழி இரட்டைச் சுருள் சாலினாய்டு. பொத்தானை அழுத்தியதும் டப் என்று நாக்கு மாறும். அந்த டப்புக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. சுருளின் தடை சுமார் 4 ஓம், மின்னழுத்தம் 16 வோல்ட் என்றால் 4 ஆம்பியர் பாய்கிறது; 64 வாட். கால் நொடிக்கு அது பலம். பொத்தான் சிக்கிக்கொண்டு கால் நிமிஷம் ஓடினால் அது அடுப்பு, சுருள் கருகிவிடும். பாயிண்ட் 5 மீட்டர் தள்ளியிருந்தால் வயர் போக வர 10 மீட்டர். டெலிபோன் வயர் மாதிரி 0.2 சதுர மி.மீ. வயர் போட்டால் அதன் தடை மட்டுமே 0.86 ஓம், சுருளுக்குப் போய்ச் சேரும் சக்தி 64 வாட்டிலிருந்து ஏறக்குறைய 43க்கு இறங்கிவிடும். நாக்கு பாதி தூரம் போய் நிற்கும். அதே இடத்துக்கு வீட்டில் விளக்குக்கு இழுக்கும் 1 சதுர மி.மீ. வயர் போட்டால் 59 வாட் கிடைக்கும். மோட்டார் சரியில்லை என்று தூக்கிப் போடுகிறவர்களில் பாதிப்பேர் மாற்ற வேண்டியது வயரைத்தான்.

சாலினாய்டு வைத்திருப்பவர்கள் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது கட்டாயம் என்றே சொல்லலாம். 4,700 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரில் 24 வோல்ட் ஏற்றி வைத்தால் 1.35 ஜூல் சக்தி சேர்ந்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் அது ஒரே வீச்சில் சுருளுக்குப் போய்விடும். பொத்தான் சிக்கிக்கொண்டாலும் கெபாசிட்டர் காலி, சுருளுக்கு ஆபத்தில்லை.

புதிய வழி மெதுவாக நகரும் மோட்டார். டார்ட்டாய்ஸ் போன்றவை 12 வோல்ட்டில், கடைசிவரை போய் முட்டி நின்ற பிறகும் 20 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்கும். இருபது பாயிண்ட்டுக்கும் சேர்த்து அரை ஆம்பியர்கூட ஆகாது. நாக்கை எப்போதும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும், உள்ளேயே இரண்டு செட் சுவிட்சும் உண்டு. லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும் சின்ன சர்வோ மோட்டார்களையும் ஆர்டுயினோ பலகையையும் வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள், செலவு குறைவு. சர்வோவில் சுவிட்சு கிடையாது, ஒரு மைக்ரோ சுவிட்சைத் தனியாகப் பொருத்த வேண்டும்.

இந்த மைக்ரோ சுவிட்சு எங்கே பொருத்தப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பாயிண்ட்டுகளை மாற்றும் சுவிட்சுகள் உள்ள பேனலில் பச்சை விளக்கு எரிகிறது. அது என்ன சொல்கிறது? பெரும்பாலான மாதிரிப் பாதைகளில் அந்த எல்.இ.டி. மோட்டாருக்குப் போகும் வயரிலேயே தொடராக இணைக்கப்பட்டிருக்கும். சுவிட்சை எந்தப் பக்கம் போட்டீர்கள் என்பதை மட்டும்தான் அது சொல்லும். மோட்டாரிலிருந்து நாக்குக்குப் போகும் கம்பி கழன்று கிடந்தாலும் விளக்கு எரியும். ஒரு ஜல்லிக்கல் மாட்டி நாக்கு பாதியில் நின்றாலும் எரியும். ஓட்டுபவரின் விருப்பம் பேனலில் தெரிகிறது; நாக்கின் இருப்பு தெரியவில்லை.

நிஜ ரயில்வேயில் இந்த வித்தியாசத்தை நூறாண்டுகளுக்கு மேலாக யாரும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. இந்திய ரயில்வேயின் 110 வோல்ட் பாயிண்ட் மெஷினில் நாக்கைத் தள்ளும் தண்டு ஒன்று. நாக்கு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் டிடெக்ஷன் தண்டுகள் வேறு. அவை நேராக நாக்குகளிலேயே பூட்டப்பட்டிருக்கும். மோட்டார் சுற்றியும் நாக்கு வராவிட்டால் டிடெக்ஷன் கிடைக்காது, சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். அதைச் சோதிக்க ஒரு எளிய முறை உண்டு. நாக்கு நுனியிலிருந்து 150 மி.மீ. தள்ளி, நாக்குக்கும் வெளித் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. தகடு ஒன்றை வைத்துப் பாயிண்ட்டை மாற்றச் சொல்வார்கள். மெஷின் பூட்டிக்கொள்ளக் கூடாது, டிடெக்ஷனும் வரக் கூடாது.

இதே சோதனையை மேசையிலும் செய்யலாம். எச்.ஓ. அளவு என்பது 87இல் ஒரு பங்கு. சாதாரணக் காகிதத்தின் கனம் சுமார் 0.1 மி.மீ.; 87 மடங்கு பெருக்கினால் 8.7 மி.மீ. அதாவது ரயில்வேயின் தகட்டைவிடக் கொஞ்சம் தடிமன். காகிதத்தை நுனியோரம் வைத்து பாயிண்ட்டை மாற்றுங்கள். பேனலில் பச்சை வந்தால் உங்கள் விளக்கு மோட்டாரைப் பார்க்கிறது, நாக்கைப் பார்க்கவில்லை. மைக்ரோ சுவிட்சை மோட்டாரிலிருந்து கழற்றி, நாக்குகளை இணைக்கும் குறுக்குக் கட்டையின் மறுமுனையில் பொருத்த வேண்டிய நேரம் அது. காகித அளவுக்கு நுணுக்கமாகச் சரிசெய்வது சிரமம்தான். ஒரு விசிட்டிங் கார்டின் கனத்தையாவது சுவிட்சு கண்டுபிடிக்க வேண்டும்.

டிடெக்ஷன் இருந்தாலும் போதாது என்பதற்குத் தமிழர்கள் மறக்க முடியாத உதாரணம் இருக்கிறது. 2023 ஜூன் 2 மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு ஒடிசாவின் பஹானகா பஜார் ஸ்டேஷனில் மெயின் லைனில் நேரே போகப் பச்சை கிடைத்தது. 17ஏ/பி என்ற பாயிண்ட்டோ லூப் லைன் பக்கம் கிடந்தது. வண்டி லூப்பில் திரும்பி அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பழுதான பாயிண்ட் மெஷின் இதற்குக் காரணமில்லை. வடக்கு சிக்னல் கூம்டியில், அதாவது பாதையோரச் சிக்னல் அறையில், முன்பு எப்போதோ செய்த சர்க்யூட் மாற்றத்திலும், 94ஆம் எண் லெவல் கிராசிங் கேட்டின் மின்தடுப்பை மாற்றும் வேலையிலும் நேர்ந்த வயரிங் தவறுகளே காரணம் என்று ரயில்வே அமைச்சகம் அந்த ஜூலையில் மாநிலங்களவையில் சொன்னது. அந்த லெவல் கிராசிங்கின் பெட்டிக்குள் வயர்களின் பெயர்ச்சீட்டு தவறாக இருந்ததும், அது ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாததும் பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் வெளிவந்தது. நாக்கு உண்மையைத்தான் சொன்னது. அந்த உண்மையைக் கொண்டுபோன வயர் வேறு இடத்தில் மாட்டப்பட்டிருந்தது.

கிட்டத்தட்ட எதிர்ப்பக்கத்து உதாரணம் 2024 அக்டோபர் 11 இரவு சென்னைக்கு அருகே கவரைப்பேட்டையில் நடந்தது. அங்கேயும் மெயின் லைனுக்குப் பச்சை, வண்டி போனது லூப்பில், மோதியதும் நின்ற சரக்கு ரயிலில்தான். உயிரிழப்பு இல்லை. அங்கே பாயிண்ட்டின் பாகங்களை யாரோ கழற்றியிருந்ததாக விசாரணை முடிவு சொன்னது.

வயரிங்கின் இன்னொரு பாடம் லண்டனிலிருந்து வருகிறது. 1988 டிசம்பர் 12 காலை கிளாப்பம் ஜங்ஷன் அருகே ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். புதிய சிக்னல் வயரிங் நடந்துகொண்டிருந்தது. பழைய வயர் ஒன்றை ஒரு முனையில் கழற்றிய டெக்னீஷியன் அதை வெட்டிக் குறைக்கவில்லை, நுனியை டேப் சுற்றி ஒதுக்கவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அருகே நடந்த வேறு வேலையில் அந்த வயர் அசைந்து, பழைய டெர்மினலிலேயே போய்த் தொட்டது. வண்டி நின்றுகொண்டிருந்த இடத்துக்குப் பின்னால் சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் காட்டவில்லை. அந்த டெக்னீஷியனுக்குப் பதின்மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை கிடைத்திருந்தது என்பதையும், அவர் வேலையை இன்னொருவர் வயர் வயராக எண்ணிச் சரிபார்க்கவில்லை என்பதையும் ஆண்டனி ஹிடன் தலைமையிலான விசாரணை பதிவு செய்தது.

மேசைக்கடியில் உயிர்கள் போகப்போவதில்லை. ஆனால் அங்கே நடக்கிற தவறுகள் அச்சு அசல் இவையேதான். பழைய மோட்டாரின் வயர் தொங்கிக்கொண்டிருக்கும். எல்லா வயரும் சிவப்பாக இருக்கும், அன்றைக்குக் கையில் கிடைத்த ரோல் அது. ஆகவே சில பழக்கங்களைச் சொல்லிவிடலாம்.

மேசை நெடுக 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டு, வேறுவேறு நிறத்தில், முதுகெலும்பாக ஓட வேண்டும். தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் அரை சதுர மி.மீ. வயர் ஓரடிக்கு மிகாமல் இறங்கி அதில் சேர வேண்டும். தண்டவாளத்திலிருந்து தண்டவாளத்துக்கு ஜாயினர் வழியாக மின்சாரம் போகும் என்று நம்பினால் ஒரு மழைக்காலம் தாங்காது. மூக்கு வயருக்கென்று ஒரு நிறம், டிடெக்ஷனுக்கு ஒரு நிறம், மோட்டாருக்கு ஒரு நிறம். வயரின் இரு முனையிலும் பாயிண்ட் எண் எழுதிய சீட்டு. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எங்கும் கூடாது. ஸ்க்ரூ டெர்மினல் அல்லது பற்றவைப்பு. ஒரு வயர் வேண்டாம் என்று முடிவானால் இரு முனையிலும் கழற்றி உருவி எடுத்துவிட வேண்டும். 230 வோல்ட் மேசைக்கடியில் வரவே கூடாது, பி.ஐ.எஸ். பதிவு உள்ள அடாப்டர் சுவரோரமே நிற்கட்டும்.

சிக்னலும் வைத்திருப்பவர்கள் ரிலேயைப் பயன்படுத்தும்போது ரயில்வேயின் ஒரு வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே க்யூ வகை ரிலேக்கள் மின்சாரம் போனால் புவியீர்ப்பாலேயே கீழே விழும். உருகி ஒட்டிக்கொள்ளாதபடி தொடுப்பில் கார்பன் இருக்கும். ரிலே விழுந்த நிலை என்றால் சிவப்பு. பச்சைக்குப் போகும் மின்சாரம் நாக்கின் டிடெக்ஷன் சுவிட்சு வழியாக மட்டுமே போகும்படி இணைத்தால், வயர் அறுந்தாலும், சுவிட்சு கெட்டாலும், அடாப்டர் பழுதானாலும் வருவது சிவப்புதான். ஒரு எல்.இ.டி.யும் ஒரு ரிலேயும் இதற்குப் போதும்.

இந்த மாதிரி யோசனைகளுக்கு மாதிரி ரயில் பழைய பள்ளிக்கூடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946இல் தொடங்கிய டெக் மாடல் ரெயில்ரோடு கிளப்பில் மேசைக்கு மேலே மலையும் வீடும் செய்தவர்கள் ஒரு கூட்டம், கீழே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வைத்து பாயிண்ட்டுகளை இயக்கியவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டாம் கூட்டத்திலிருந்துதான் உலகின் முதல் கம்ப்யூட்டர் ஹேக்கர்கள் சிலர் வந்தார்கள் என்று ஸ்டீவன் லெவி 1984இல் எழுதினார். அணுசக்தி நகரும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் பக்கத்தில் இருக்கும் ஊரில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் புணே போதும். கோத்ருடில் பாவ் ஜோஷி 1998 ஏப்ரல் 1ஆம் தேதி திறந்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தில் பல வண்டிகள் ஒரே காட்சியில் ஓடுகின்றன. பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போது யாரும் கையை விட்டு எஞ்சினைத் தள்ள முடியாத இடம் அது.

செம்பூரின் ஒரு படுக்கையறை வீட்டில் இவ்வளவுக்கு இடம் ஏது என்ற கேள்வி நியாயமானது. 12 பெட்டி லோக்கல் சுமார் 250 மீட்டர். எச்.ஓ. அளவில் 2.9 மீட்டர், ஹாலே முடிந்துவிடும். நாலு பெட்டியாகக் குறைத்தால் ஒரு மீட்டருக்குள் அடங்கும். இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ.; எச்.ஓ.வில் அது 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும், கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. கண்டிப்பானவர்கள் முகம் சுளிப்பார்கள், வண்டி ஓடும். மூன்று பாயிண்ட் வைத்த ஒரு ஷண்டிங் யார்டு ஆறடிப் பலகையில் வந்துவிடும், கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.

தொடங்குகிறவர்கள் முதல் பாயிண்ட்டைத் தனிப் பலகையில் பொருத்தி, மல்டிமீட்டரை எடுத்து, நாக்கு இரண்டு பக்கமும் இருக்கும்போது மூக்கில் எந்தத் துருவம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அடுத்து காகிதச் சோதனை. அதற்கடுத்து ஒரு ரூபாய் நாணயத்தை இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைக்க வேண்டும், 16.5 மி.மீ. இடைவெளியைத் தாண்டி அது உட்காரும். மேசையின் எந்த மூலையில் வைத்தாலும் சப்ளை உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாத மூலையில் வயர் மெல்லிதாக இருக்கிறது என்று பொருள், ஷார்ட் ஆனால் அங்கே வயரோ தண்டவாளமோ சூடேறும். கடைசியாக ஒருவர் பேனலில் உட்கார்ந்து எண்ணைச் சொல்லி மாற்ற, இன்னொருவர் நாக்கை மட்டும் பார்த்து, பேனலைப் பாராமல், எந்தப் பக்கம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் பேனலும் தரையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான்.

மேடையோரம் ஒரு பலகை வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பாயிண்ட், இரண்டு மோட்டார், நாலு விளக்கு. ஒன்றில் மூக்கு வயர் வேண்டுமென்றே மாற்றி இணைக்கப்பட்டிருக்கிறது, இன்னொன்றில் டிடெக்ஷன் சுவிட்சு மோட்டாரைப் பார்க்கிறது. எது எது என்று விளக்குகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மல்டிமீட்டரும் ஒரு ரூபாயும் ஒரு துண்டுக் காகிதமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கேள்வி கேட்க வருகிறவர்கள் அதை முதலில் ஒரு கை பார்த்துவிட்டு வரலாம்.